மஞ்சள் அட்டையின் கீழ்ப்பாதி

துப்பறிகிறவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் குனிந்து தரையைப் பார்ப்பார்கள், ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். டீச்சர் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்து, என் புத்தக அலமாரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"படிக்கற பக்கம் மறக்காம இருக்க உள்ளே என்னம்மா வைப்பே?"

என் கணவர் இறந்து நாற்பத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அந்த நாட்களில் என்னைப் பார்க்க வந்தவர்கள் எத்தனையோ கேட்டார்கள். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஏதோ மஞ்சள் அட்டை, அவர் வேலை செய்யும் இடத்திலிருந்து கொண்டு வருவார் என்றேன். டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார்.

என் கணவர் அணையில் மதகு ஆபரேட்டர். இருபத்தொரு வருஷம். அக்டோபரில் ஒருநாள் காலை ஆறு பன்னிரண்டுக்கு மூன்றாம் மதகைத் திறந்தார். எச்சரிக்கை சைரன் ஊதவில்லை. திறந்த பிறகு எட்டிப் பார்த்தால், கீழே ஆற்று மணலில் ஒரு பெண் துணி காய வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு பிள்ளைகள். அவர் பக்கவாட்டுப் படிகளில் கையை ஆட்டிக்கொண்டே ஓடி இறங்கினாராம். அந்தப் பெண் அதை மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறாள், ஒரு ஆள் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்ததை. மூவரும் கரையேறினார்கள். அவர் ஏறவில்லை.

விபத்து பற்றிய அறிக்கையின் நகல் ஒன்றை எனக்குத் தகவலுக்காக அனுப்பியிருந்தார்கள். 'யாருடைய உத்தரவும் இன்றி, எச்சரிக்கை ஒலி எழுப்பாமல், தன்னிச்சையாக மதகைத் திறந்தார்' என்று ஒரு வரி. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தலைமை அலுவலகத்தில் இயக்குநர் அதில் கையெழுத்துப் போட்டால், அதுவே என் கணவரைப் பற்றிய கடைசி வரி ஆகிவிடும். என் மகளுக்குப் பதினோரு வயது. வகுப்பில் ஒரு பையன், உங்க அப்பா யாரைக் கேட்டுத் திறந்தார் என்று கேட்டிருக்கிறான். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றாள். அவளுக்கும் அதே கேள்விதான் இருந்தது. எனக்கும்.

டீச்சர் வந்தது புதன்கிழமை. நான் புத்தகம் எடுக்கும் வாடகை நூலகத்துக்காரி சொல்லித்தான் அவரைத் தேடிப் போயிருந்தேன். முன்பு கணக்கு டீச்சராக இருந்தவர். துப்பறியும் அலுவலகம் வைத்துப் பதினைந்து வருஷம் ஆகியும் பெயர் மாறவில்லை. கூடவே இருப்பவர் அவருடைய கொழுந்தன், இறந்துபோன கணவரின் தம்பி. ஐம்பதை நெருங்குகிறவர், காரும் ஓட்டுவார், வாயும் ஓட்டுவார். அண்ணி சொன்னால்தான் இரண்டும் நிற்கும்.

அலமாரியில் இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொழுந்தன் உதறினார். அட்டைகள் விழுந்தன.

"இந்த வீட்டுல புத்தகத்தை உதறினா துப்பு விழுது அண்ணி. நம்ம வீட்டுல உதறினா கரப்பான்தான் விழும்."

"நீ என்னைக்கு உதறினே? தூங்கறப்ப தலைக்குத்தானே வச்சுப்பே."

நாற்பத்து மூன்று நாளில் எனக்கு முதன்முதலாகச் சிரிப்பு வந்தது. வந்ததும் குற்றம் செய்தது போல இருந்தது.

பதினான்கு அட்டைகள். டீச்சர் அவற்றை மேசையில் தேதிவாரியாகப் பரப்பச் சொன்னார். அந்த அட்டை என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மதகைத் திறக்க மேலாளர் போனில் உத்தரவு கொடுக்கும்போது ஒரு எண் சொல்வார். ஆபரேட்டர் உத்தரவையும் எண்ணையும் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு மெழுகு பூசிய ஒரு மஞ்சள் அட்டையில் இரண்டு பாதியிலும் எண்ணையும் நேரத்தையும் பென்சிலால் எழுத வேண்டும். தண்ணீர் பட்டாலும் அழியக் கூடாது என்பதற்காகத்தான் மெழுகு, பென்சில் எல்லாம். அப்புறம் நடுவில் கிழிக்க வேண்டும். மேல் பாதி, மதகு திறந்திருக்கும் வரை சுவிட்சில் தொங்கும். மூடியதும் உத்தரவு கொடுத்தவரிடம் போய்ச் சேரும். கீழ்ப்பாதி ஆபரேட்டருக்கு. அதில் மட்டும் சைரன் ஊதியதா இல்லையா என்று ஒரு கட்டம், கீழே கையெழுத்து. ஷிப்ட் முடிந்தால் கீழ்ப்பாதிகளைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். என் கணவர் எனக்குக் கொண்டு வருவார். முனை மடிக்காத ஆள் நான் என்று அவருக்குத் தெரியும்.

திருப்பிச் சொல்லும் பழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது என்பதையும் சொன்னேன். வரும்போது சோப்பு வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றால், "வரும்போது சோப்பு. சரி" என்பார். சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் அவர் எதையும் செய்ததில்லை. திருப்பிச் சொல்லிவிட்டு எதையும் மறந்ததும் இல்லை.

"எல்லா நம்பரும் நாலுல ஆரம்பிக்குது. நாலு பை தொள்ளாயிரத்து இருபத்தொண்ணு, முப்பத்திரண்டு, நாப்பது... நாலுன்னா என்ன?"

நாலு என்றால் பழைய மேலாளர். உத்தரவு கொடுக்கும் அதிகாரம் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை. அவர் பதினொரு வருஷம் மேலாளராக இருந்தார். மார்ச் முப்பத்தொன்றில் ஓய்வு பெற்றார். அன்றோடு நாலாம் வரிசை முடிந்தது. புது மேலாளர் ஐந்து.

டீச்சர் ஒரு விரலால் அட்டைகளைப் பிரித்தார். மார்ச்சுக்கு முந்தியவை மூன்று. மற்ற பதினொன்றும் ஜூனுக்குப் பிந்தியவை. கடைசி அட்டை 4/957. என் கணவர் இறப்பதற்கு இரண்டு நாள் முந்திய தேதி.

"ஆவி போன் பண்ணியிருக்கு" என்றார் கொழுந்தன்.

"ஆவியாக முதல்ல சாகணும். இவர் ஓய்வுதான் பெத்திருக்கார்."

ஓய்வும் அதிக நாள் பெறவில்லை என்றேன். இரண்டே மாதம். ஜூன் ஒன்றாம் தேதி ஏதோ ஒரு ஆலோசனை நிறுவனத்தின் வழியாக ஆலோசகராகத் திரும்பி வந்தார். அதே அறை, அதே நாற்காலி, அதே குவார்ட்டர்ஸ். சம்பளம் மட்டும் வேறு. புது மேலாளர் வாங்குவதைப் போல நாலு மடங்கு என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை. ஐயா திரும்பி வந்ததில் அவருக்கு நிம்மதி. பழக்கப்பட்ட குரல்.

"ஓய்வு குடுத்தா சம்பளம் நாலு மடங்குன்னா நான் நாளைக்கே தயார் அண்ணி."

"முதல்ல வேலை பாரு. அப்புறம் ஓய்வு பெறலாம்."

அந்த அறிக்கையை எழுதியது யார் என்று டீச்சர் கேட்டார். அவர்தான் என்றேன். விபத்தை விசாரித்து அறிக்கை தயாரிக்க ஆலோசகரை நியமித்திருந்தார்கள். அணையைப் பற்றி அவரை விட அதிகம் தெரிந்தவர் இல்லை என்று காரணம்.

கொழுந்தன் கையிலிருந்த புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தார்.

அட்டைகளை மட்டும் காட்டினால் போதாது என்றார் டீச்சர். பழக்க தோஷத்தில் ஆபரேட்டரே நாலு என்று எழுதிவிட்டார் என்பார்கள். மார்ச்சில் அந்த வரிசை எந்த எண்ணில் நின்றது என்று தெரிய வேண்டும். அலுவலகப் பதிவேட்டை நமக்குக் காட்டுவார்களா?

பதிவேடே வேண்டாம் என்றேன். அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேலாளர் ஓய்வு பெற்றால் அவர் கடைசியாகக் கொடுத்த உத்தரவின் அட்டையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு நடைபாதையில் மாட்டுவார்கள். ஐயாவின் சட்டத்தில் ஆணி அடித்ததே என் கணவர்தான்.

டீச்சர் எழுந்துகொண்டார். என்னையும் வரச் சொன்னார். நான் எதற்கு என்று கேட்டேன்.

"பொய் சொல்றவர் உன் முகத்தைப் பார்த்துட்டு சொல்லட்டும்."

அணை அலுவலகம் இரண்டு மாடிக் கட்டடம். நடைபாதையில் நான்கு சட்டங்கள் வரிசையாக இருந்தன. நாலாவதில் 4/918, மார்ச் முப்பத்தொன்று. சட்டம் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அவர் அடித்த ஆணி எல்லாமே கொஞ்சம் இடப்பக்கம்தான் போகும். நான் அதை நேராக்கினேன். கையை எடுத்ததும் மறுபடி சாய்ந்தது.

"தொள்ளாயிரத்துப் பதினெட்டுல நின்னது, ஜூன்ல உங்கிட்ட இருபத்தொண்ணுல ஆரம்பிக்குது" என்றார் டீச்சர் தாழ்ந்த குரலில். "நடுவுல ரெண்டு வேற ஷிப்ட் ஆபரேட்டர்களுக்குப் போயிருக்கும். இங்க மூணு ஷிப்ட், மூணு ஆள். மத்தவங்க எத்தனை அட்டை எழுதினாங்கன்னு உன் வீட்டுக்காரருக்குத் தெரியாது. அப்ப இந்த வரிசை விடாம வர்றதுக்கு ஒரே ஒரு மண்டைலதான் கணக்கு இருக்க முடியும். நம்பர் சொன்னவர் மண்டைல."

கொழுந்தன் இதற்குள் அணையின் மேல்நடையில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்திருந்தார். தண்ணீரைப் படம் பிடிக்கிற மாதிரி நின்றாராம். நெற்றியில் வியர்வை.

"ரெண்டாவது மதகு சுவிட்சுல ஒண்ணு தொங்குது அண்ணி. நாலு பை தொள்ளாயிரத்து அறுபத்து மூணு. தேதி இன்னைக்கு."

ஒருவர் போன பிறகும் அதே குரல் அதே வரிசையில் எண் சொல்லிக்கொண்டிருக்கிறது.

புது மேலாளர் மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் உட்கார்ந்திருந்தார். முன்பு அது காகிதக் கட்டுகள் அடுக்கும் அறை. நாற்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றவர் கடைசி வரை உட்காரவில்லை. மேலாளர் அறை மேலேதானே என்று கொழுந்தன் கேட்டதற்கு, ஆலோசகர் அதைக் காலி செய்யவில்லை, கேட்கவும் கூச்சமாக இருந்தது என்றார்.

டீச்சர் அட்டைகளைக் காட்டினார். அவர் அவற்றைத் தொடவில்லை. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். ஆலோசகருக்கு உத்தரவு கொடுக்கும் அதிகாரம் கிடையாது. ஆனால் ஆபரேட்டர்களுக்கு அவர் குரல்தான் பழக்கம். விடிகாலையில் குவார்ட்டர்ஸிலிருந்து போன் செய்து சொல்லிவிடுவார். சாயங்காலம் அந்த உத்தரவுகளையெல்லாம் ஐந்தாம் வரிசை எண்ணுக்கு மாற்றிப் பதிவேட்டில் எழுதிக் கொண்டு வருவார்கள். இவர் கையெழுத்துப் போடுவார். ஐந்து மாதம் அப்படித்தான் நடந்தது. அன்றைக்கு எட்டு மணிக்கு ஆலோசனை நிறுவனத்துக்காரர்கள் புதுத் தானியங்கிக் கருவியைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் மூன்றாம் மதகு சரியாக ஏறுகிறதா என்று பார்க்க ஆசைப்பட்டிருப்பார். அந்தக் கருவிக்காகக் கம்பி மாற்றியதில்தான் முதல் நாளிலிருந்து சைரன் வேலை செய்யவில்லை.

"அன்னைக்குச் சாயங்காலமும் பதிவேடு வந்துச்சு. ஒரு ஆள் செத்திருக்கார். அந்த உத்தரவுக்கு என் நம்பர் போட எனக்குத் தைரியம் வரல. அந்த இடத்தைக் காலியா விட்டுட்டேன்."

அந்தக் காலியிடத்தைத்தான் அறிக்கை 'யாருடைய உத்தரவும் இன்றி' என்று சொல்கிறது. இதை எழுதிக் கொடுப்பீர்களா என்று டீச்சர் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். தனக்கும் இரண்டு பிள்ளைகள் என்றார். கொழுந்தன் வாயைத் திறந்தார். டீச்சர் கையைத் தொட்டதும் மூடிக்கொண்டார்.

மாடியில் பெரிய அறை. ஜன்னல் நிறையத் தண்ணீர் தெரிந்தது. ஆலோசகர் எழுந்து வந்து எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். வெள்ளைச் சட்டை, மழித்த முகம், மெலிந்த கைகள். அவரை நான் கெட்டவராக ஒருநாளும் நினைத்ததில்லை. எங்கள் மகளுக்கு டைபாய்டு வந்தபோது அலுவலக ஜீப்பை அனுப்பியவர். என் கணவரை வேலையில் சேர்த்து, பென்சில் பிடிக்கும் விதம் வரை சொல்லிக் கொடுத்தவர். அதையெல்லாம் அவரே இப்போது சொன்னார். நல்ல பையன், கடைசியில் ஒரு அவசரம், திறந்த பிறகு மனசாட்சி குத்தி ஓடியிருக்கிறான் என்றார்.

டீச்சர் பதினோரு அட்டைகளையும் அவர் முன்னால் வரிசையாக வைத்தார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகம் மாறவில்லை.

அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை என்றார். தான் இப்போது அதிகாரி இல்லை, ஆலோசகர். ஆபரேட்டர்கள் கேட்பார்கள், இவர் ஆலோசனை சொல்வார். செய்வதும் செய்யாததும் அவர்கள் பொறுப்பு. ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருக்கிறது.

"ஆலோசனைக்கு எதுக்கு சார் நம்பர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அது பழக்கம் என்றார். நம்பர் சொல்லாவிட்டால் அவர்கள் கை சுவிட்சுக்குப் போகாது.

"அப்ப கை போகணும்னுதான் நம்பர் சொன்னீங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படியே வைத்துக்கொண்டாலும், அக்டோபரில் அன்று காலை தான் போனையே தொடவில்லை என்றார். அதற்கு இந்தப் பதினொன்றில் ஒரு அட்டை உண்டா?

இல்லை. எங்களிடம் இருந்தது 957 வரைதான்.

டீச்சர் மேசையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே காகிதங்களைக் குத்தி வைக்கும் நெட்டுக் கம்பி ஒன்று நின்றது. அதில் மஞ்சள் மேல் பாதிகள், விளிம்பு பிசகாமல், சீட்டுக்கட்டு போல. இதைப் பார்க்கலாமா என்றார். பார்க்கலாம் என்று அவர் கையைக் காட்டினார். மேலே இருந்தது 962. அதற்கு அடியில் 960.

"அறுபத்தொண்ணு எங்க சார்?"

"எங்கேயாவது தொலைஞ்சிருக்கும்."

டீச்சர் அவசரப்படவில்லை. வகுப்பில் கரும்பலகைக்கு ஒரு பையனைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கிற மாதிரி காத்திருந்தார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"பதினோரு வருஷம், தொள்ளாயிரத்துச் சொச்சம் உத்தரவு. இதுக்கு முன்னாடி எத்தனை அட்டை சார் தொலைச்சிருக்கீங்க?"

ஒன்றோ இரண்டோ என்று சொல்லியிருந்தால் போதும், நாங்கள் எழுந்து வெளியே வந்திருப்போம். அவர் வாயும் அதற்காகத் திறந்தது. ஆனால் அந்த மனிதரால் அதைச் சொல்ல முடியவில்லை. என் கண்ணெதிரில் அவர் தன்னோடு சண்டை போட்டுத் தோற்றார்.

"ஒண்ணுகூட இல்ல."

அவர் மேசையின் இழுப்பறையைத் திறந்து, ஒரு டைரிக்குள்ளிருந்து அதை எடுத்து வைத்தார். 4/961. ஆறு பன்னிரண்டு. என் கணவரின் கையெழுத்து. பென்சிலை அழுத்தி, எண்களின் வால்களை நீட்டாமல்.

"கிழிச்சுடலாம்னு தினமும் எடுப்பேன்" என்றார். "முடியல."

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். கொழுந்தன் என் தோளைத் தொட்டதும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஆலோசகர் இன்னும் முடிக்கவில்லை. சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டார். குரல் பழைய குரலாகிவிட்டது, போனில் எண் சொல்லுகிற குரல். சரி, நான்தான் சொன்னேன் என்றார். ஆனால் சைரனை ஊதிவிட்டுத் திற என்றுதான் சொன்னேன். அது வேலை செய்யாதது எனக்குத் தெரியாது. அவன் என்னிடம் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். டீச்சர் விரும்பியபடியே, என் முகத்தைப் பார்த்துத்தான்.

"கீழ்ப்பாதி இருந்தா கொண்டு வாம்மா. அதுல என்ன எழுதியிருக்கோ அதுக்கு நான் கட்டுப்படறேன்."

காரில் பாதி வழியில் டீச்சர், உயிர் போன அன்று அவர் போட்டிருந்த சட்டை எங்கே என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள், பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது என்றேன். அதை நான் திறக்கவே இல்லை. அதில் அவர் வாசனை இருக்குமோ என்று முதலில் பயந்தேன், இருக்காதோ என்று பிறகு பயந்தேன்.

இப்போது மூன்றாவதாக ஒரு பயம். சைரன் கட்டத்தில் அவர் 'இல்லை' என்று எழுதியிருப்பார், அது நிச்சயம். பொய் எழுதுகிற ஆள் இல்லை. வெறும் 'இல்லை' மட்டும் இருந்தால்? தெரிந்தே, யாரிடமும் சொல்லாமல் திறந்தார் என்பதற்கு அவர் கையாலேயே சாட்சி. அறிக்கையில் இருப்பது அச்சடித்த வரி. இது அவருடைய எழுத்தாக இருக்கும்.

டீச்சருக்கும் அது தெரிந்திருந்தது. வீட்டு வாசலில் வண்டி நின்றதும், திறக்க வேண்டாம் என்றால் வேண்டாம், மேல் பாதியும் புது மேலாளரும் போதுமா என்று முயன்று பார்க்கலாம் என்றார். நான் இறங்கி நேராக பீரோவுக்குப் போனேன்.

மகள் கூடத்தில் இருந்தாள். அவளை உள்ளே போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையின் முடிச்சு இறுகியிருந்தது. கொழுந்தன் பல்லால் கடித்து அவிழ்த்தார். உள்ளே சட்டை மணலோடு விறைத்துப் போயிருந்தது. ஆற்று வாசனைதான் வந்தது, அவருடையது இல்லை. வலப்பக்கப் பாக்கெட்டில் ஒரு சீப்பு. இடப்பக்கப் பாக்கெட்டுக்குப் பித்தான் போட்டிருந்தது. அந்த ஓட்டத்திலும் அவர் அதைப் போட்டிருக்கிறார்.

மஞ்சள் நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது. பென்சில் மங்கவில்லை. 4/961. 6.12. சைரன் கட்டத்தில் 'இல்லை'. கையெழுத்துக்குக் கீழே, இடமே இல்லாத இடத்தில், பொடி எழுத்தில்:

'சைரன் இல்லை என்று சொன்னேன். ஐந்து நிமிடம்தான், பரவாயில்லை, திற என்றார்.'

சொன்னதைத் திருப்பிச் சொல்லியிருக்கிறார். போனில் ஒருமுறை, அட்டையில் ஒருமுறை.

டீச்சர் அதை இரண்டு முறை படித்தார். கொழுந்தன் ஜன்னலிடம் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்த வீட்ல தூசி ஜாஸ்தி" என்றார்.

வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்காலுக்குத் தலைமை அலுவலகத்தில் இரண்டு பாதிகளும் ஒரே மேசையில் கிழிசலோடு கிழிசல் சேர்ந்தன. புது மேலாளர் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். ஆலோசகர் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டார். கீழ்ப்பாதியைப் படித்துவிட்டு, ஆமாம் என்று ஒரே வார்த்தை சொன்னார். அந்த வரியை அறிக்கையிலிருந்து எடுத்தார்கள். அவருடைய ஒப்பந்தத்தை முடித்தார்கள், குவார்ட்டர்ஸையும் காலி செய்தார். அணையில் இனி இப்படி நடக்காமல் இருக்க வழி சொல்ல மூன்று பேர் கொண்ட குழு போட்டார்கள். மூன்று பேரும் ஓய்வு பெற்ற மேலாளர்கள், நல்ல சம்பளம். இதைச் சொன்னபோது கொழுந்தன் சிரிக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது புதன்கிழமை சாயங்காலத்தை. டீச்சர் கீழ்ப்பாதியை உறையில் வைப்பதற்கு முன்னால் மகள் கேட்டு வாங்கினாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படித்தாள்.

"இவர் சொல்லித்தான் அப்பா திறந்தாரா?"

ஆமாம் என்றேன். இனிமேல் வகுப்பில் யார் கேட்டாலும் சொல்லலாம் என்றேன். அவள் தலையாட்டினாள். பிறகு மறுபடியும் படித்தாள்.

"சைரன் இல்லன்னு அப்பாவுக்குத் தெரியும்தானே. அப்புறம் ஏன் திறந்தார்?"

அந்தக் கேள்விக்கு, அதற்குப் பிறகு வந்த பன்னிரண்டு வருஷத்தில் நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான்: எண் வந்தது, திருப்பிச் சொன்னார், கை போனது. இருபத்தொரு வருஷத்துக் கை.

அன்று விடியற்காலையில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று நானும் ஒன்று சொல்லியிருந்தேன். "மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு. சரி" என்றார்.

திருப்பிச் சொல்லிவிட்டு அவர் செய்யாமல் விட்டது அது ஒன்றுதான்.